புகைபோக்கிக்கு இடமில்லாத வீட்டில் விறகடுப்பு வேண்டாம்

மலையூரில் வீடு வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் கூடத்தில் ஒரு விறகடுப்பு இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுவது இயல்பு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊட்டி. அங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் தாழ்வான இடங்களில் உறைபனி படிகிறது. கொடைக்கானலும் இலங்கையின் நுவரெலியாவும் அந்தக் குளிருக்குப் பழகியவை. வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களில் சுவரோடு சேர்த்துக் கட்டிய செங்கல் கணப்புகள் இன்றும் இருக்கின்றன. இப்போது வீடு கட்டுகிறவர்கள் கண்ணாடிக் கதவு வைத்த வார்ப்பிரும்பு அடுப்பைத் தேடுகிறார்கள். தேர்வு சரிதான். திறந்த கணப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் அறைக்குக் கிடைக்கும். மீதியெல்லாம் புகையோடு மேலே போய்விடும். கதவு மூடிய நல்ல அடுப்பு பத்தில் ஏழு பங்குக்குக் குறையாமல் அறைக்குத் தரும். ஆனால் வாங்கப் போகிறவர்கள் பார்ப்பது அடுப்பின் அழகை, இரும்பின் கனத்தை, விலைச்சீட்டை. அதன் பின்னாலிருந்து கிளம்பிக் கூரையைத் தாண்டிப் போக வேண்டிய குழாயைப் பற்றிய பேச்சு கடைசியில் வருகிறது. அதற்குள் ஒதுக்கிய பணம் தீர்ந்திருக்கும்; வீட்டின் கூரையும் முடிந்திருக்கும். இந்த வரிசை தலைகீழானது என்பதுதான் நான் சொல்ல வருவது. முதலில் புகைபோக்கியைத் திட்டமிட வேண்டும், அதற்குப் பொருத்தமான அடுப்பைப் பிறகு தேட வேண்டும். புகைபோக்கிக்கு வழியில்லாத வீடு என்றால் அடுப்பு எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

இதற்குக் காரணம் புரிய வேண்டுமானால் விறகு எப்படி எரிகிறது என்று பார்க்க வேண்டும். சூடான காற்று லேசானது, அதனால் குழாய் வழியே மேலேறுகிறது. அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப அறையிலிருக்கும் காற்று அடுப்புக்குள் நுழைகிறது. அந்தக் காற்றில்தான் விறகு எரிகிறது. ஆக, நெருப்புக்குக் காற்று ஊட்டுவதும் நச்சை வெளியேற்றுவதும் ஒரே குழாயின் வேலை. அடுப்பு அந்த இயந்திரத்தின் வாய் மட்டுமே. இந்த இழுவை மிக மெல்லிய விசை என்பது பலருக்குத் தெரியாது. ஐரோப்பாவில் அடுப்புகளைச் சோதிக்கும்போது வழக்கமாக 12 பாஸ்கல் இழுவையில் வைத்துச் சோதிக்கிறார்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் ஒரு லட்சம் பாஸ்கலுக்கும் மேல். அதில் எட்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத விசையை நம்பித்தான் குடும்பம் முழுவதும் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறது. சமையலறையில் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன் இதை எளிதில் தோற்கடித்துவிடும். வீட்டுக்குள்ளிருந்து அது காற்றை உறிஞ்ச, ஈடுகட்டும் காற்று வேறு வழியின்றிப் புகைபோக்கி வழியே கீழிறங்கும். புகையும் கூடவே வரும். இறுக்கமாக மூடும் அலுமினிய ஜன்னலும் ரப்பர் பட்டை வைத்த கதவும் உள்ள புது வீடுகளில் இந்த ஆபத்து பழைய வீடுகளைவிட அதிகம்.

மலையின் உயரம் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஊட்டியின் உயரத்தில் காற்று கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. இழுவை என்பது வெளிக்காற்றுக்கும் குழாய்க்குள் இருக்கும் காற்றுக்கும் உள்ள எடை வித்தியாசம்தான். இரண்டுமே லேசாகிவிட்டால் வித்தியாசமும் சுருங்கும். அதே நேரத்தில், அதே விறகை எரிக்க அதிகக் கனஅளவு காற்று தேவைப்படும். இழுக்கும் வலு குறைகிறது, இழுக்க வேண்டிய அளவு கூடுகிறது. சமவெளிக்கென்று எழுதப்பட்ட அளவுகளை அப்படியே மலைக்குக் கொண்டுபோனால் அடுப்பு புகையத்தான் செய்யும். பிரிட்டனின் கட்டட விதிகள் சொல்லும் வழிகாட்டல், அடுப்பின் மேலிருந்து குறைந்தது நாலரை மீட்டர் உயரக் குழாய் வேண்டும் என்பது. ஒற்றைத் தளக் கான்கிரீட் வீட்டில் கூரை பத்தடியில் முடிந்துவிடும். மீதி உயரத்தைக் கூரைக்கு மேலே எழுப்பியாக வேண்டும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அந்தக் குறைந்த அளவோடு நிற்காமல், அடுப்பு செய்தவரிடம் அந்த உயரத்துக்கான அளவைக் கேட்டுவாங்குவதுதான் அறிவுடைமை. பார்வைக்கு நன்றாயிராது என்று கூரைக்கு மேல் ஓரடி மட்டும் நீட்டிவிட்டு மூடி போடுகிறவர்கள் பின்னால் வருத்தப்படுவார்கள்.

உயரத்துக்கு அமெரிக்கத் தீத்தடுப்பு விதியில் எளிய கணக்கு ஒன்று உண்டு. குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி மேலே போக வேண்டும். பக்கவாட்டில் 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும், கூரையின் முகடு உட்பட, 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். முகட்டுக்குக் கீழே குழாய் முடிந்தால், முகட்டைத் தாண்டி விழும் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். சரிவில் கட்டிய வீடுகளில் பின்பக்க மேடும் மரங்களும்கூட இதே வேலையைச் செய்யும். குழாய் முடிந்தவரை நேராகப் போக வேண்டும். திருப்பம் தவிர்க்க முடியாதென்றால் 45 பாகைச் சாய்வில் திருப்ப வேண்டும். சுவரைத் துளைத்துப் படுக்கை வசத்தில் நீளமாகக் கொண்டுபோவது, நம் ஊரில் அதிகம் காணப்படும் பிழை. படுத்த குழாயில் இழுவை இல்லை, கரி மட்டும் சேரும். குழாயின் விட்டம் அடுப்பின் வாய் விட்டத்தைவிடக் குறையக்கூடாது. சாதாரண வீட்டு அடுப்புக்கு அது 150 மில்லிமீட்டர், அதாவது 6 அங்குலம்.

எந்தப் பொருளில் குழாய் என்பதிலும் நம்மிடம் பழக்கதோஷம் இருக்கிறது. சமையலறைப் புகைக்கூண்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் காலங்காலமாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. அதன் இழைகள் நுரையீரலுக்கு நஞ்சு என்பது ஒருபக்கம் இருக்க, அதிகச் சூட்டில் அது வெடித்து விரியும். ஜிங்க் பூசிய ஜி.ஐ. குழாயும் ஆகாது. துத்தநாகம் 420 டிகிரியில் உருகுவது. அந்தச் சூட்டை எரியும் அடுப்பின் குழாய் எட்டக்கூடும். அறைக்குள் தெரியும் பகுதிக்குக் கனத்த எஃகுக் குழாய், கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மேலே இரட்டைச் சுவர் கொண்டு நடுவில் வெப்பக்காப்பு அடைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் என்பதே நம்பத்தக்க ஏற்பாடு. காப்பு எதற்கு என்றால், சுற்றியுள்ள மரத்தைக் காப்பாற்றுவதற்கு மட்டும் இல்லை; உள்ளே போகும் புகை குளிராமல் இருப்பதற்கும்தான். புகை குளிர்ந்தால் வரும் கேடு தனிக்கதை.

விறகுப் புகையில் எரியாத தாரும் ஆவியும் கலந்திருக்கும். குழாயின் உட்சுவர் சுமார் 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் அவை அங்கே படிந்து, முதலில் பிசுக்காகவும் பிறகு கருங்கண்ணாடி போன்ற கெட்டிப் படலமாகவும் ஆகின்றன. கிரியோசோட் என்று பெயர். அது எரியக்கூடிய பொருள். என்றாவது ஒருநாள் நெருப்பைக் கொஞ்சம் பலமாக மூட்டினால் அந்தப் படலம் பற்றிக்கொள்ளும். குழாய்க்குள்ளேயே 1,000 டிகிரியைத் தாண்டும் தீ எழும்பும். மலையூர் வீடுகளில் மரக்கூரையும் தகரமும் பொய்க்கூரைப் பலகையும் அதிகம். அங்கே இப்படி ஒரு தீ பிடித்தால் வீடு மிஞ்சுவது அரிது. இந்தப் படிவு ஏற்பட இரண்டே காரணங்கள்தான் முக்கியம்: ஈர விறகு, அளவுக்கு மீறிய அடுப்பு. பெரிய அடுப்பாக வாங்கினால் நல்லது என்று நினைப்பது இயல்பான தவறு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 3 கிலோவாட் அளவு போதுமானது. அங்கே 10 கிலோவாட் அடுப்பை வைத்தால் அரை மணியில் உட்கார முடியாத புழுக்கம் வரும். உடனே காற்றுத் திறப்பை அடைத்து நெருப்பைப் புகையவிடுவார்கள். இரவு முழுவதும் அணையாமல் இருக்கட்டும் என்று அடைத்துவைப்பதும் இதே கதைதான். மூச்சு முட்டிப் புகையும் நெருப்புதான் தார் உற்பத்திச் சாலை. சிறிய அடுப்பில் சுடர்விட்டு எரிவதே பாதுகாப்பானது, விறகும் மிச்சம்.

ஈர விறகின் விஷயத்தில் மலை நமக்கு உதவுவதில்லை. அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராகவே இருக்கக்கூடும். எரிப்பதற்கு அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து சிறு அளவில் விற்கும் விறகுக்கு இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். நீலகிரியில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மீதி நாட்களில் மூடுபனி. அதனால் ஜனவரி, பிப்ரவரியில் விறகைப் பிளந்து, மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில் அடுக்கி, கோடை முழுவதும் காயவிட்டால்தான் அடுத்த குளிருக்கு ஆகும். சீகையானாலும் கற்பூர மரமானாலும் தேயிலைக் கவாத்து மிலாறானாலும் இதில் விலக்கு இல்லை. பிளக்காத உருளைக்கட்டை தார்ப்பாய்க்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் உள்ளே ஈரம் போகாது. ஈரமானி என்ற சிறு கருவியை வாங்கி, கட்டையைப் பிளந்து உட்பக்கத்தில் குத்திப் பார்ப்பது நல்லது. விறகு எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955 முதல் தமிழ்நாட்டில் தனிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சொந்தத் தோட்டத்து மரமானாலும் நினைத்தபடி வெட்டிவிட முடியாது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்தேற்றிய மரம் ஆகியவற்றை அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

அடுப்பைச் சுற்றிய இடைவெளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோதனைச் சான்று இல்லாத, பட்டறையில் செய்த அடுப்பு என்றால் எரியக்கூடிய எந்தச் சுவருக்கும் பொருளுக்கும் மூன்றடி தள்ளி இருக்க வேண்டும். ஒற்றைச் சுவர்க் குழாய் மரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி. மரம் உடனே பற்றிக்கொள்ளவில்லை என்பதால் பயமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பல ஆண்டுகள் சூடுபட்ட மரம் உள்ளுக்குள் கருகி, புதிய மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கும் தன்மையைப் பெறுகிறது. முதல் ஐந்து குளிர்காலம் எதுவும் நடக்காததை ஆறாவதற்கான உத்தரவாதமாகக் கொள்ள முடியாது. கான்கிரீட் தரையானால் கவலை குறைவு. மரத்தரையானால் அடுப்புக்குக் கீழும், முன்னால் ஓரடியும் எரியாத தளம் வேண்டும். மழைநாளில் காயாத துணிகளை அடுப்பருகே கொடிகட்டிப் போடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சாம்பலில் கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வீட்டுக்கு வெளியே வைப்பதே முறை.

தீயைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. குறைவாகக் கிடைத்த காற்றில் எரியும் எந்த விறகும் கரியும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று சாதாரண அலுப்பு போலவே ஆரம்பிக்கும், தூங்கியவர் எழுவதில்லை. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிருக்காக அறைக்குள் கரியை மூட்டி, கதவடைத்துத் தூங்கியவர்கள் பிணமாகக் கிடந்த செய்திகள் வந்திருக்கின்றன. அவர்கள் எல்லோரையும் ஏமாற்றியது ஒரே நம்பிக்கை: புகை வரவில்லை, ஆகவே ஆபத்தில்லை. கரி நெருப்பில் புகை இல்லாமலிருப்பதுதான் அதன் கொடுமை. குழாய் இல்லாத எந்த நெருப்பும், அது பார்பிக்யூ சட்டியானாலும் கணப்புச் சட்டியானாலும், படுக்கும் அறைக்குள் நுழையக் கூடாது. குழாயுள்ள அடுப்பு இருக்கும் அறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்த வேண்டும். இங்கிலாந்தில் புதிதாக விறகடுப்பு பொருத்தும்போது இது கட்டாயம். அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தூரத்தில், உயரத்தில் வைப்பது வழக்கம். புகை அலாரம் இந்த வேலையைச் செய்யாது. நிரந்தரமாகத் திறந்திருக்கும் காற்றுத் துவாரமும் வேண்டும். குளிர்காற்று வருகிறதென்று அதைத் துணி வைத்து அடைப்பவர்கள், தம் மூச்சையே அடைக்கிறார்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு, நம் பாட்டிமார் புகைபோக்கி இல்லாமலே ஆயுள் முழுவதும் விறகடுப்பில் சமைக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. சமைத்தார்கள். ஓட்டுக்கூரையின் இடுக்குகள் வழியாகவும் கூரைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த திறப்பு வழியாகவும் புகை கசிந்து போனதால் மயங்கி விழாமல் பிழைத்தார்கள். ஆனால் புகை அவர்களை விட்டுவிடவில்லை. இருமலோடும் இரைப்போடும் பழுதான கண்களோடும் அவர்கள் கழித்த முதுமைக்கு நாம் கணக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குள்ளிருக்கும் அடுப்புப் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இன்றைய கான்கிரீட் கூரையில் அந்த இடுக்குகளும் இல்லை.

பழைய பங்களாவில் ஏற்கெனவே செங்கல் புகைபோக்கி இருக்கிறதே, அதற்குள் குழாயைச் செருகிவிட்டால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. நூறாண்டுக்கு முந்தைய கட்டடம் திறந்த கணப்புக்காக எழுப்பியது. அதன் உட்குழி பெரிது. சின்ன அடுப்பின் புகை அதில் நுழைந்ததும் குளிர்ந்து தாராகப் படியும். சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடைவெளிகள் வழியே பக்கத்து அறைக்கும் மேல்மாடிக்கும் வாயு கசியும். பறவைக்கூடு அடைத்திருப்பதும் சகஜம். அடுப்பின் வாயிலிருந்து உச்சி வரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உட்குழாய் முழு நீளத்துக்கும் இறக்கினால் அந்தப் புகைபோக்கி பயன்படும். இரண்டடி செருகிவிட்டு விடுவது வீண்வேலை.

செலவு அதிகமாகிறதே என்பதுதான் கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம். ஆம், நல்ல புகைபோக்கிக்கு அடுப்பின் விலையளவுக்குச் செலவாகும், சில வீடுகளில் அதற்கு மேலும் ஆகும். ஆனால் அடுப்பில் மட்டும் பணத்தைப் போட்டுக் குழாயைக் கவனிக்காமல் விட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து 2002 வரை மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தில் மூன்று கோடிக்கும் அதிகமான அடுப்புகளைக் கொடுத்தது. அவற்றில் ஏராளமானவை சில ஆண்டுகளில் பயன்பாட்டிலிருந்தே மறைந்தன. பிறகு ஒடிசாவில் 44 கிராமங்களில் ரேமா ஹானா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் புகைபோக்கி வைத்த மண் அடுப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். முதல் ஆண்டில் பெண்கள் உள்ளிழுத்த புகை குறைந்தது. அதன்பின் அந்த நன்மை கரைந்துபோனது. ஆய்வுக்கூடத்தில் நன்றாக வேலை செய்த அடுப்பு, வீட்டில் சுத்தம் செய்யாமலும் பழுதுபார்க்காமலும் விடப்பட்டது. அது ஏழை வீட்டுச் சமையலடுப்பு, இது வசதியானவர் வீட்டுக் கணப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. அடைபட்ட குழாய்க்கு வசதி தெரியாது. பொருத்திய நாளோடு வேலை முடிவதில்லை. ஒவ்வோராண்டும் குளிர் தொடங்குமுன் தூரிகை விட்டுக் குழாயைச் சுத்தம் செய்து, இணைப்புகளையும் கதவின் கயிற்று அடைப்பையும் பார்த்தாக வேண்டும். குழாயில் சுத்தம் செய்யும் திறப்பு எங்கே, கூரைமேல் ஏறும் வழி எது என்பதைக் கட்டும்போதே தீர்மானித்திருந்தால்தான் இது நடக்கும்.

வெல்டிங் பட்டறைக்காரரும் கொத்தனாரும் சேர்ந்து பொருத்திக் கொடுக்கும் அடுப்பானால், பணத்தைத் தீர்க்குமுன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். வீட்டின் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் மூடி, சமையலறை ஃபேனை ஓடவிட்டு, அடுப்பில் காகிதத்தைக் கொளுத்திப் பாருங்கள். புகை அறைக்குள் திரும்பினால் வேலை முடியவில்லை என்று பொருள்.

ஒரு ஆட்சேபத்தை மட்டும் என்னால் முழுவதும் மறுக்க முடியவில்லை. எவ்வளவு நல்ல புகைபோக்கியும் புகையை அழிப்பதில்லை, வெளியே அனுப்புகிறது. பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று மேலெழாமல் தேங்கும் இரவுகளில் அது பக்கத்து வீட்டுக் குழந்தையின் அறைக்குப் போகும். லண்டனில் 1952 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நிலக்கரிப் புகைமூட்டமும் இப்படித் தேங்கிய காற்றில் உருவானதுதான். அதற்குப் பிறகுதான் 1956இல் அங்கே தூய காற்றுச் சட்டம் வந்தது. ஆகவே வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருவில், ஆண்டுக்குச் சில வாரக் குளிருக்காக விறகடுப்பு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே மின்சார ஹீட்டரும் கனத்த கம்பளியும் போதும். தனித்த வீடு, காய்ந்த விறகு, முழு உயரப் புகைபோக்கி, ஆண்டுதோறும் அதைச் சுத்தம் செய்ய ஆள் என்ற நான்கும் உள்ளவர்கள் வாங்கலாம். வாங்கும்போது கடைக்காரரிடம் அடுப்பின் விலையைக் கேட்பதற்கு முன்னால், குழாய்க்கும் அதைப் பொருத்துவதற்கும் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் தெளிவான பதில் இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள்.